ஆறாவது ஆள்

ஸ்டெபி ஃபேக்டரி மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் செருப்பு வழுக்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறிக்கும் அம்சவேணி காலையில் போனில் சொன்னது, பஸ்ஸில் வந்த வழியெல்லாம் காதிலேயே நின்றது.

"பாப்பா, வேலாயியக்காவ ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உன்ற புக்க வச்சுத்தானாம். சீக்கிரம் வா."

புக்கு என்றால் நாற்பத்தெட்டுப் பக்க ஆய்வறிக்கை. கோயம்புத்தூரில் டிசைன் படிக்கும் ஸ்டெபி, தோள் வலிக்காத கொழுந்துக் கூடை ஒன்றை வடிவமைப்பதற்காக, நீலகிரியில் கிளென்மார்கன் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் மூன்று வாரம் பெண்களின் பின்னாலேயே நடந்தாள். யார் எப்போது கூடையை இறக்குகிறார், எத்தனை நிமிடம் உட்காருகிறார் என்று கடிகாரம் பார்த்துக் குறிப்பது அவள் கற்ற முறை. குறைந்தது ஆறு பேர் வேண்டும், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும், பெயர் கூடவே கூடாது என்பது கைடு போட்ட கட்டளை. அதனால் ஆளுக்கொரு நம்பர் சீட்டு கொடுத்திருந்தாள். உள்ளே விட்டதற்கு மேனேஜர் ஹெர்பர்ட் கேட்டது ஒன்றே ஒன்று, அறிக்கையில் ஒரு பிரதி.

அந்தப் பிரதி இப்போது ஆபீசில் அவர் மேஜையில் விரிந்து கிடந்தது. எதிரே, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பைக்கூட அவிழ்க்காமல் வேலாயி நின்றிருந்தாள்.

"வாம்மா," என்றார் ஹெர்பர்ட். "இருபது வருஷமா என் சூப்பர்வைசர் கண்ணுல படாதது உன் கண்ணுல பட்டிருக்கு. ஆறாவது ஆள். பத்து ஐம்பதுக்குக் கூடைய இறக்கிட்டு ஓடைக்கரையில உக்காருறாங்க. இருபத்திரண்டு நிமிஷம். தினமும்."

"பேரே இல்லையே சார். யாருன்னு எப்படி..."

"அந்த கேங்குல மொத்தம் ஆறு பேர். அஞ்சு பேர் அவங்கவங்க சீட்டக் கொண்டாந்து காட்டிட்டாங்க. இந்தம்மாகிட்ட சீட்டு இல்ல. கிழிச்சுப் போட்டிருப்பாங்க."

"நான் சீட்டே வாங்கல தொரை," என்றாள் வேலாயி. "இந்தப் பிள்ளை பேப்பர நீட்டுச்சு, மாட்டேன்னுட்டேன். சிலோன்ல எங்கப்பா ஒரு பேப்பர்ல ரேகை வச்சாரு. கொஞ்ச நாள்ல எங்கள கப்பல்ல ஏத்திட்டாங்க. அதுக்கப்புறம் நான் எதுலயும் கை வைக்கிறதில்ல."

"நீங்க கை வைக்கலேன்னா இவ பாக்காம விட்டிருவாளா?" என்றார் ஹெர்பர்ட்.

வேலாயி திரும்பினாள். "எனக்குத் தெரியாம பின்னால வந்தியா பிள்ளை?"

ஸ்டெபி ஹெர்பர்ட் பக்கம் திரும்பினாள். "அது இவங்க இல்ல சார்."

"அப்ப யாரு? பேரச் சொல்லு. இப்பவே இவங்கள அனுப்பிடறேன்."

எந்தப் பெயரைச் சொன்னாலும் இன்னொருத்தி இதே இடத்தில் வந்து நிற்பாள். உண்மையைச் சொன்னால் இரண்டு வருடப் படிப்பு போய்விடும். கடிகாரம் பார்த்தே பழகிய கண் சுவருக்குப் போனது. நாலடிக்க ஐந்து நிமிடம்.

ஹெர்பர்ட் ஒரு கடிதத்தைத் தள்ளினார். வேலை நேரத்தில் தினமும் உட்கார்ந்தது உண்மை, அதனால் நாளையிலிருந்து வேலை இல்லை. மாதக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"ஒத்துக்கிட்டா அந்தக் காம்பரா வீட்டையாவது விட்டுக் குடுப்பீங்களா தொரை?" வேலாயியின் குரல் இறங்கியிருந்தது. "ஒழுகுனாலும் அது ஒண்ணுதான் இருக்கு."

"மொதல்ல ரேகைய வைங்க. பாக்கலாம்."

வேலாயி மைப்பெட்டியைப் பார்த்தாள். ஸ்டெபியைப் பார்த்தாள். ஸ்டெபி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை ஏறிய கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள்.

ஹெர்பர்ட் அதை போனில் படமெடுத்தார். "ஹெட் ஆபீசுக்குப் போயாச்சு. இனி என் கையில இல்ல."

அப்புறம்தான் ஸ்டெபிக்கு வாய் திறந்தது.

"சார், ஆறாவதா யாருமே கெடையாது. இவங்க மாட்டேன்னதும் எனக்கு ஒரு ஆள் கொறைஞ்சுது. அந்த ஓடை, அந்த இருபத்திரண்டு நிமிஷம், எல்லாம் ஹாஸ்டல்ல உக்காந்து நானே எழுதுனது."