மஞ்சள் கடற்காகம்

பெரில் கண்ணில் அது பட்டுவிட்டது. இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் கடற்கரைக்குப் பின்னால் ஞாயிறுதோறும் புல்வெளியில் கூடும் டிக்கிச் சந்தை; கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்கள். ஒரு சிவப்புக் காரின் டிக்கியில், திறந்து கிடந்த பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது சீகல் பே விடுமுறை முகாமில் தங்க வருகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்றாகக் கொடுத்த எனாமல் பேட்ஜ். அதில் கடற்காகம் மஞ்சள் நிறம்! மற்ற வருஷமெல்லாம் வெள்ளை. அறுபத்தொன்றில் மட்டும்தான் மஞ்சள். அவள் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் எல்லா வருஷமும் வரிசையாக உட்கார்ந்திருக்க, அந்த ஒரே இடம் மட்டும் பொக்கைவாய் மாதிரி இளித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அவளே போக முடியாது. அவள் கண் விரிந்தால் விலை ஏறும் என்பது சந்தைக்கே தெரியும். போதாக்குறைக்கு இரண்டு கார் தள்ளி நைஜல் நிற்கிறான். அவனும் இதே பேட்ஜுக்காக வருஷக்கணக்கில் நாயாய் அலைகிறவன்.

கணவர் க்ளைவின் கையைக் கிள்ளினாள். "நீ போய் வாங்கிட்டு வா. மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கோ."

"என் மூஞ்சியே அப்படித்தானே. அந்த ஜெயில் பேட்ஜுக்கு நான் வேற போகணுமாக்கும்!"

விடுமுறை முகாம் என்றாலே அவருக்கு ஜெயில்தான். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு.

முனகிக்கொண்டே போய் டப்பாவுக்குள் கையை விட்டார். அதற்குள் நைஜலும் வந்து நின்றுவிட்டான். ஒருவர் கை டப்பாவில் இருக்கும்போது இன்னொருவர் கை நீட்டக் கூடாது; அது சந்தை மரியாதை. க்ளைவ் பேட்ஜை எடுத்தார், திருப்பினார், பார்த்துக்கொண்டே நின்றார். பாவி மனுஷன், கீழே வைத்துத் தொலைப்பாரோ?

கடைசியில் வாங்கிவிட்டார். நைஜலின் முகம் தொங்கிப்போனது. பெரில் குதிக்காத குறையாக ஓடினாள்.

"குடு, குடு!"

க்ளைவ் கொடுக்கவில்லை. அதைத் தன் கோட்டில் குத்திக்கொண்டிருந்தார்.

"இது என்னோடது பெரில். அந்த வருஷம் நான் அங்க இருந்தேன், ஏழு வயசு. மொத நாளே பேட்ஜக் கடல்ல தொலச்சுட்டேன். பேட்ஜ் இல்லாதவனுக்குச் சாப்பாடு இல்லன்னு சாப்பாட்டு ஹால் வாசல்லயே நிக்க வச்சுட்டான் முகாம் ஆள் ஒருத்தன். அம்மா கெஞ்சியும் கேக்கல. உள்ள எல்லாரும் கஸ்டர்ட் ஊத்துன புட்டிங் தின்னாங்க. எனக்கு வாசன மட்டும்."

"இத்தன வருஷம் வாயே தொறக்கலியே நீ!"

"வெக்கமா இருந்துச்சு."

பெரிலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேட்ஜ் மேல் ஆசை கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அவர் கோணலாகக் குத்தியிருந்ததைக் கழற்றி, நேராகக் குத்திவிட்டாள்.

"எனக்கு இன்னொண்ணு கெடைக்கிற வரைக்கும் உன்ன விடமாட்டேன். வாராவாரம் என்கூட வந்து தேடணும், ஆமா!"

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேநீர் வண்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அங்கே நின்ற பெண்ணிடம் பேட்ஜைத் தட்டிக் காட்டினார்.

"ஒரு புட்டிங் குடும்மா. கஸ்டர்ட் நெறைய ஊத்து. பேட்ஜ் இருக்கு, பாரு!"