கோட்டுக்குக் கீழே இறங்கிய மண்

நான் சொல்வது முழுக்கச் சரியாக இருக்குமா என்று எனக்கே தெரியவில்லை. காளியாத்தாளின் கையில் அந்தப் பையை முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். அதற்கு முன்பே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டு, பையைப் பிறகு சேர்த்துக்கொண்டேனோ என்னவோ.

ஆர்.எஸ்.புரத்தில் மகன் வீட்டு மொட்டைமாடியில் இருபத்திரண்டு தொட்டிகள் வைத்திருந்தேன். மண் எங்கள் தோட்டத்துக் கரிசல். சுல்தான்பேட்டையிலிருந்து மூட்டை மூட்டையாக வேனில் கொண்டுவந்தது. நாற்றுப்பண்ணைக்காரர் தேங்காய் நார்த்தூள் கலக்கச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தலைமுறையாகப் பருத்தி விளைந்த மண்ணில் கழிவைக் கலப்பதா? துளி இடைவெளி இல்லாமல் கை முட்டியால் குத்தி இறுக்கி நிரப்பினேன்.

இரண்டு மாதத்தில் எலுமிச்சை மஞ்சளடித்தது. பிறகு மல்லிகை. தண்ணீர் ஊற்றுவது காளியாத்தாள். மூன்று வருடமாக வீட்டு வேலைக்கு வருபவள். அவளுக்கு இருந்த ஒரே நிலையான வேலை எங்கள் வீடுதான். மகள் கயல்விழி பன்னிரண்டாவது படிப்பதும் அதை நம்பித்தான். எங்கள் இருவரைத் தவிர மாடிக்கு யாரும் போவதில்லை. நான் செடிக்கு எதுவும் செய்யவில்லை. அப்படியானால்?

மண் குறைகிறதா என்று பார்க்க, தொட்டிகளின் உள்விளிம்பில், மண் மட்டத்தில், பேனாவால் கோடு போட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு தொட்டியில் மண் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. மருமகள் நந்திதாவிடம் சொன்னேன்.

“ஏனுங்க மாமா, இத்தனை நகைக்கடைய உட்டுப்போட்டு உங்க மண்ணையா திருட வருவாங்க? போலீசுல சொல்லுங்க, மோப்ப நாயோட வரட்டும்.”

நான் சிரிக்கவில்லை.

அதன்பின் தினமும் மாடிப்படியோரம் நாற்காலி போட்டு, மடியில் புத்தகத்துடன் உட்கார்ந்தேன். காளியாத்தாள் ஏறும்போதும் இறங்கும்போதும் என்னைப் பார்ப்பாள். நான் கேட்டிருக்கலாம். கேட்பதைவிடக் கவனிப்பது எனக்குச் சுலபம். நான்காவது வாரம், ஒரு சனிக்கிழமை, இறங்கி வந்தவளை நிறுத்தினேன்.

“பையில என்ன, காளியாத்தா?”

“மண்ணுங்க ஐயா.”

“எந்த மண்ணு?”

அவள் தரையைப் பார்த்தாள். “நம்ம தோட்டத்து மண்ணுதானுங்க.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. “நாளையிலிருந்து வர வேண்டாம்.”

“ஐயா, ஒரு வார்த்தை...” என்றவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பையைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழை பிடித்தது. நான்கு நாள் கழித்து மாடிக்குப் போனேன். பதினெட்டுத் தொட்டிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. நான்கில் மட்டும் நிற்கவில்லை. அந்த நான்கும் பச்சையாக இருந்தன. அவற்றில் மட்டும் மண் அள்ளாமல் விட்டுவைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எலுமிச்சைத் தொட்டியைக் கவிழ்த்தேன். மண் தொட்டியின் வடிவத்திலேயே ஒரே கட்டியாக விழுந்தது. சாக்கடை நாற்றம். வேர் கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. தொட்டியின் அடித்துளை அடைபட்டிருந்தது. பிறகு பச்சையாக இருந்த கறிவேப்பிலையைக் கவிழ்த்தேன். துளையின்மேல் ஓட்டுச்சில்லு வைத்திருந்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பாதி எங்கள் கரிசல், மீதி நார்த்தூளும் உமிக்கரியும். வெள்ளை வேர்கள் எல்லாப் பக்கமும் ஓடியிருந்தன.

நந்திதா காளியாத்தாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அக்கா, மாமாகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“எப்படீங்க அம்மணி சொல்றது? தோட்டத்துல கரிசல் வெயிலுக்கு வெடிச்சு மூச்சு வாங்கிக்குமுங்க. தொட்டிக்குள்ள ஏதுங்க வழி? அவரு மண்ணை அவருகிட்டயே குத்தஞ்சொன்னா நல்லாருக்குங்களா? வாரத்துக்கு ஒண்ணா மாத்திப்போட்டா, செடி தழைக்கறதப் பார்த்து அவராத் தெரிஞ்சுக்குவாருன்னு இருந்தேனுங்க.”

“எடுத்த மண்ணு?”

“எங்கூட்டு வாசல்ல கொட்டி வெச்சிருக்கேனுங்க. ஐயாவ வந்து அள்ளிக்கச் சொல்லுங்க.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். நார்த்தூளைச் சுமந்து மேலே போகும்போதும் அந்தப் பை நிறைந்துதான் இருந்திருக்கும். எவ்வளவு யோசித்தாலும், என் நினைவில் அவள் இறங்கித்தான் வருகிறாள்.

காளியாத்தாளைத் திரும்ப அழைத்தோம்; வரவில்லை. மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, இப்போது சாயிபாபா காலனியில் ஒரு வீட்டுக்குப் போகிறாள். கயல்விழி கல்லூரியில் சேரவில்லை. பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். மீதித் தொட்டிகளை நந்திதா மாற்றி நட்டாள். ஏழு செடிகள் பிழைத்தன. எலுமிச்சை செத்துவிட்டது. நான் மாடிக்குப் போவதில்லை.