ஐயா யோசிக்கிறார்

வலது கை சட்டைக்குள் போய்விட்டது. இடது கைதான் வர மறுத்தது. முழங்கை மடங்காமல் குச்சியாய் விறைத்து நிற்க, மகள் சட்டையை விரித்துப் பிடித்தபடி, "அப்பா, கையைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றாள். கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அவனைப் போட்டு ஏன்டி இந்தப் பாடு படுத்துறே?" அத்தை கதவோரம் நின்று கேட்டாள். அப்பாவின் அக்கா. "போற உசுருக்கு இஸ்திரி போட்ட சட்டை ஒண்ணுதான் குறைச்சலா?"

"காலேஜ்லேருந்து போட்டோ எடுக்க வர்றாங்க அத்தை."

"வரட்டும், நல்லா வரட்டும். வீட்டை எழுதி வாங்கியாச்சு. மூஞ்சியையும் வாங்கிட்டுப் போகட்டும்."

மகள் இடது கையை மெல்ல வளைத்துச் சட்டைக்குள் நுழைத்தாள். கீழே மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் கடை, மேலே இந்த இரண்டு அறைகள். தன் காலத்துக்குப் பிறகு எல்லாமே சமுதாயக் கல்லூரிக்கு என்று அப்பா உயில் எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் அங்கே தொழில் படிக்கலாம். அவர்களுக்குப் படிப்புக் கட்டணம் கட்ட அந்தச் சொத்து. மகள் இருக்கும்வரை பின்னறையில் இருந்துகொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி.

வீடு போனதுகூட அவளுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது கடையில் வேலைக்கு இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். "ரெண்டு மாசம் கூட இரும்மா, அப்புறம் பள்ளிக்கூடம் போகலாம்" என்றார் அப்பா. அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. கம்பி சுற்றிச் சுற்றி விரல்கள் காய்த்துப்போயின. காதோரம் நரையும் வந்துவிட்டது. இவளை நினைத்துத்தான் அப்படி எழுதினாரா, இல்லை, வீட்டுக்குள்ளேயே அப்படி ஒருத்தி இருப்பதை மறந்துபோய் எழுதினாரா? அந்தக் கேள்வி எத்தனையோ நாள் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. "இன்னைக்கோ நாளைக்கோ" என்று டாக்டர் கைவிரித்துவிட்ட பிறகு இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு அவள் குனிந்தாள். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் கண்ணைத் திறந்தார். அதே நேரம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

கல்லூரி முதல்வர் அம்மாவும் போட்டோக்காரரும் வந்தார்கள். முதல்வர் அம்மா நல்ல மாதிரி. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "இந்த நேரத்துல தொந்தரவு பண்றோம். யாரால படிக்கிறோம்னு பிள்ளைங்க தினமும் பார்க்கணும் இல்லையா?"

போட்டோக்காரர் ஈரம் ஊறிப் பொரிந்திருந்த சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். கையை எடுத்ததும் அவர் பக்கவாட்டில் சரிந்தார்.

"பின்னாலேருந்து நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் மகள்.

"உங்க தலை தெரியுமேம்மா."

"அவளும் தெரிஞ்சாத்தான் என்ன? சுவரு இடிஞ்சா விழுந்துடும்?" அத்தை வெடுக்கென்று கேட்டாள்.

"அப்புறம் குடும்பத்தோட ஒண்ணு எடுத்துக்கலாம்மா. முதல்ல ஐயா மட்டும்" என்றார் முதல்வர் அம்மா.

மகள் கட்டிலில் ஏறி அப்பாவுக்குப் பின்னால் மண்டியிட்டாள். போட்டோக்காரர் வெள்ளைப் போர்வை ஒன்றை அவள் மேல் முழுதாகப் போர்த்தி, ஓரங்களைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். போர்வைக்குள்ளிருந்து அவள் அப்பாவின் விலாவை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தாள். கன்னமும் காதும் அவர் முதுகில் பதிந்தன. உள்ளே கரகரவென்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, ஒரே ஒரு வார்த்தை" என்றது முதல்வர் அம்மாவின் குரல். "பிள்ளைங்ககிட்ட சொல்றதுக்குத்தான். படிப்பை விட்டவங்களுக்குன்னு கொடுக்க ஏன் தோணுச்சு? யாரையாவது மனசுல வெச்சுத்தான் எழுதினீங்களா?"

போர்வைக்குள் மகள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவின் விலா மெல்ல விரிந்தது. "அது..." என்றார். தொண்டையைச் செருமினார். "அது வந்து..."

விரிந்த விலா இறங்கியது. கரகரப்பு நின்றது. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். பிறகு அவருடைய கனம், அதுவரை அவரே பாதி தாங்கிக்கொண்டிருந்த கனம், மொத்தமாக அவள் கைகளுக்குள் வந்து இறங்கியது.

"ஐயா யோசிக்கிறார்" என்றார் முதல்வர் அம்மா மெதுவாக. "அவசரப்படுத்த வேண்டாம்."

"அவன் எப்பவுமே அப்படித்தான்" என்றாள் அத்தை. "கடைத்தெருவுல அவனுக்கு மௌனசாமின்னே பேரு. இந்த வாரம் கேட்டா அடுத்த வாரம் பதில் வரும்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"கண்ணு நல்லா திறந்திருக்கு. ஐயா, அப்படியே என்னைப் பாருங்க" என்றார் போட்டோக்காரர்.

மகளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், போர்வையை விலக்கிவிடுவார்கள். அவள் வாயைத் திறந்தாள். "சொல்லுங்கப்பா" என்றாள், சட்டைக்குள், உதடு மட்டும் அசைய. இஸ்திரி போட்ட துணியில் அவள் மூச்சு பட்ட இடம் நனைந்திருந்தது.

வெளிச்சம் ஒன்று போர்வையின் இழைகளுக்குள் வெட்டி மறைந்தது.

"இன்னொண்ணு எடுத்துக்கறேன்" என்றார் போட்டோக்காரர். "தலை கொஞ்சம் சாயுது. நிமிர்த்திப் பிடிங்கம்மா."

மகள் முழங்காலை இன்னும் அகட்டி ஊன்றிக்கொண்டாள். கைகளை அவர் நெஞ்சுவரை நகர்த்திக் கோத்து, நிமிர்த்திப் பிடித்தாள்.