அரிதாளில் முளைத்த கோடுகள்

மழை பெய்த ஒன்பதாம் நாள் காலையில், சாலையோர வயலைச் சட்டிக் கலப்பையால் உழுதுவிட்டு வரும்படி நிலத்துச் சொந்தக்காரர் சி தாயிப் சொன்னார். முப்பத்தொரு ஹெக்டேர். ஜூன் மாதம் அதே வயலில் கோதுமை அறுத்தவனும் நான்தான். டிராக்டர் மேட்டில் ஏறியதும் வயல் முழுவதும் கண்ணில் பட்டது. எஞ்சினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வெளிறிய அரிதாளின் நடுவே பச்சைக் கோடுகள் ஓடின. ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். அறுவடை மிஷினின் பின்வாய் அகலமும் அதுதான். பழைய கிணற்றைச் சுற்றி நான் மிஷினை ஒதுக்கிப் போன இடத்தில் கோடும் ஒதுங்கிப் போயிருந்தது.

இறங்கிப் போய் ஒரு பிடி பிடுங்கிப் பார்த்தேன். கோதுமை. யாரும் விதைக்காதது. வைக்கோலோடு மிஷினுக்குப் பின்னால் கொட்டிய மணிகள் நான்கு மாதம் புழுதியில் கிடந்து முதல் மழைக்கு முளைத்திருந்தன. ஆடுகளை மேய விட்டிருந்தால் எப்போதோ தின்று தீர்த்திருக்கும். அந்த வருடம் மேய்ப்பர்களோடு ஏதோ தகராறு, சி தாயிப் யாரையும் உள்ளே விடவில்லை. எந்த வயலிலும் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும், அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும். இது அப்படி இல்லை. என் உள்ளங்கை அளவு மண்ணில் இருபது முளைகளுக்கு மேல் இருந்தன.

இந்த வயலில் விளைச்சல் குறைந்ததற்காக ஒருவன் திருடனாக்கப்பட்டிருந்தான். அவன் பெயர் முன்ஜி. மிஷினிலிருந்து கோதுமையை டிரெய்லரில் வாங்கிக்கொண்டு போய்க் கூட்டுறவுக் கிடங்கில் இறக்கியவன் அவன்.

*

பதினெட்டு வயதில் நான் அறுவடை மிஷினில் ஏறினேன். அப்போதெல்லாம் மிஷினின் பக்கவாட்டில் ஒரு பலகைத் தட்டு இருக்கும். அதில் நின்றபடி குழாயில் விழும் கோதுமையைச் சாக்கில் பிடித்து, கோணி ஊசியால் வாயைத் தைத்து, சரிவில் தள்ளிவிட வேண்டும். வாயிலும் மூக்கிலும் தூசி. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் அதே மிஷினை ஓட்டினேன். அதன் காற்றாடி கிழம். முழுவதும் திறந்து வைத்தால்தான் பதர் பறக்கும். மணி பின்னால் போனால் தகரத்தில் படபடவென்று சத்தம் கேட்கும், கண்ணால் பார்க்கவே தேவையில்லை.

இந்த வருடம் சி தாயிப் புது மிஷின் வாங்கினார். கண்ணாடி அறை, உள்ளே குளிர்காற்று, ஒரு சின்னத் திரை. விற்க வந்த பையன் அரை நாள் சொல்லிக் கொடுத்தான். பாதி பிரெஞ்சில் சொன்னான். எனக்குப் புரிந்த மாதிரி தலையாட்டினேன். இருபத்தாறு வருடம் மிஷின் ஓட்டியவன் இருபத்தைந்து வயதுப் பையனிடம் மறுபடியும் சொல் என்று எப்படிக் கேட்பது?

காற்றாடியை முழுவதும் திறந்தேன். கை பழகிய பழக்கம். இந்தக் காற்றாடி பழையதைப் போல மூன்று மடங்கு ஊதும் என்பது என் கைக்குத் தெரியாது. அறுக்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் திரையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, கீச் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. நிறுத்தி வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் கத்தியது. தெற்கிலிருந்து ஷஹீலி காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த நாள் அது. சூட்டில் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, சத்தத்துக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். மணி பின்னால் போகிறது என்றுதான் அது கத்தியது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மத்தியானம் முன்ஜி டிரெய்லரை நிறுத்திவிட்டு என் ஏணியில் ஏறி வந்தான். மூடிய கையைத் திறந்து காட்டினான். உள்ளங்கை நிறைய கோதுமை.

"அண்ணே, பின்னாடி வைக்கோல்ல அள்ளினது. மணி ரொம்பப் பறக்குது. காத்தைக் கொஞ்சம் கொறைங்களேன்."

"நீ எப்போ மெக்கானிக் ஆனே?"

"மெக்கானிக் எதுக்கு? கண்ணு இருந்தா போதும். இறங்கி வந்து பாருங்க."

"டிரெய்லர் ஓட்டுறவன் டிரெய்லரைப் பாரு. கிடங்குல என்ன சொன்னாங்க?"

அவன் சிரித்தான். "சலிச்ச ரவை மாதிரி சுத்தமா இருக்காம். ஜிலானி வந்தா ஒரு காப்பி வாங்கித் தரணும்னு உங்களைப் பத்திச் சொன்னாங்க."

"அப்புறம் என்ன? போ."

அவன் போனான். நான் இறங்கிப் பார்க்கவில்லை. அறைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. இறங்கினால் அனல். இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவன் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்பது.

அறுப்பு முடிந்தபோது பக்கத்து வயலைவிட எங்களுக்கு ஹெக்டேருக்கு ஐந்து குவிண்டால் குறைந்திருந்தது. ஒரே மழை, ஒரே மண், ஒரே விதை. சி தாயிப் எங்கள் இருவரையும் கொட்டகைக்கு வரச் சொன்னார். அவர் கத்துகிறவர் இல்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஜிலானி, நீ டிரெய்லரை எவ்வளவு ரொப்பி அனுப்பினே?"

எனக்குத் தெரியும். பல தடவை முக்கால்தான் நிறைந்தது. புது மிஷின் அவசரம், முன்ஜியைக் காக்க வைக்கக் கூடாது என்று பாதியிலேயே அனுப்பியதும் உண்டு. முன்ஜி என்னைப் பார்த்தான். என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறவனின் பார்வை அது.

"விளிம்பு வரைக்கும்தான் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும்."

"அப்போ வழியில என்ன ஆச்சு?"

"வழியில நான் இல்லையே, சி தாயிப்."

அவ்வளவுதான் சொன்னேன். திருடன் என்று நான் சொல்லவில்லை. இந்த நான்கு மாதமும் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முன்ஜி தான் எச்சரித்ததைச் சொல்லிவிடுவான் என்று பயந்தேன். அவன் தரையைப் பார்த்தான், பிறகு மறுபடி என்னைப் பார்த்தான், பிறகு டிராக்டர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சு. யாரும் அவனிடம் சுமை ஏற்றவில்லை. செங்கல் சூளையில் கல் தூக்கப் போனான். நவம்பரில் ஆலிவ் பறிப்பு தொடங்கும். வருடாவருடம் ஆலிவ் தோப்புக்காரர் ஹஸ்னாவி அவனைத்தான் ஆலிவ் மூட்டைகளை எண்ணெய்ச் செக்குக்குக் கொண்டுபோக வைத்துக்கொள்வார். இந்த வருடம் வேறு ஆள் தேடுகிறார் என்று காப்பிக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

*

வழக்கமாக நான் உழவைக் கீழ்க்கோடியிலிருந்து தொடங்குவேன். அங்கே மண் சீக்கிரம் இறுகிவிடும். அன்று டிராக்டரைச் சாலை ஓரத்துக்கு ஓட்டினேன். சாலையிலிருந்து தெரிவது முதல் நான்கைந்து கோடுகள்தான், அதற்கு அப்பால் நிலம் சரிந்து இறங்கிவிடும். கலப்பையை இறக்கினேன்.

எனக்குச் சொல்லப்பட்ட வேலையைத்தான் செய்தேன். உழச் சொன்னார்கள், உழுதேன். சட்டிகள் பச்சையை மடக்கி மண்ணுக்குள் தள்ளின. பின்னால் திரும்பிப் பார்த்தேன், சாக்லேட் நிறத்தில் மண் மட்டும் இருந்தது. எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை. நான்கு கோடுகள் முடிந்தன.

ஐந்தாவதைத் தொடங்கத் திரும்பியபோது சாலையில் ஒரு மோபெட் நின்றிருந்தது. முன்ஜி ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தான். சட்டை முழுக்கச் செங்கல் தூசி. நான் எஞ்சினை அணைத்தேன். தூரத்தில் ஒரு வண்டி வந்தது, எங்களைக் கடந்து போனது.

"நேத்தே பாத்துட்டேன் அண்ணே," என்றான்.

"எதை?"

கேட்டிருக்கக் கூடாது. அவன் வயலை நோக்கித் தாடையை மட்டும் உயர்த்தினான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"எதுக்கு? காலைல நீங்கதானே உழ வருவீங்க. என்ன பண்றீங்கன்னு பாப்போம்னு இருந்தேன்."

"முன்ஜி..."

"உழுங்க, உழுங்க. ஈரம் போயிடும்."

மோபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு சூளைப் பக்கம் போனான். கோபமாகப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நான் கலப்பையைத் தூக்கினேன். நேரே சி தாயிப் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர், காற்றாடி, முன்ஜியின் கை நிறைய கோதுமை, விளிம்பு வரை என்ற பொய். அவர் மென்று முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"ஜூன்ல சொல்லியிருந்தா ஒயரை மாட்டியிருக்கலாம்."

"ஆமா."

"இப்போ சொல்லி என்ன ஆகப் போகுது? அந்த இடத்துக்கு என் மருமகனை வச்சாச்சு. அவனை வெளிய அனுப்பச் சொல்றியா?"

"முன்ஜி திருடலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நான் அவனைத் திருடன்னு சொல்லவே இல்லையே, ஜிலானி." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள உழுது முடி."

எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த அதே சொற்கள். அவர் வாயில் கேட்டபோது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டுக் காப்பிக் கடைக்கு நடந்தேன். ஹஸ்னாவி மூன்று பேரோடு ஷ்கோபா சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சீட்டைப் பார்த்துக்கொண்டே, "என்ன ஜிலானி, உழவு நாள்ல காப்பியா? கிடங்குக்காரங்க வாங்கித் தர்றேன்னு சொன்ன காப்பியா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"முன்ஜி ஒரு மணி கூட எடுக்கலை. எல்லாம் என் மிஷின் பின்னாடி கொட்டினது. நான் பொய் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. ஹஸ்னாவி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"அன்னைக்கும் நீதான் சொன்னே. இன்னைக்கும் நீதான் சொல்றே. எதை நம்புறது? அவன் உனக்கு ஏதாவது குடுத்தானா?"

என் வார்த்தையை நானே செல்லாக்காசாக்கி வைத்திருந்தேன். நின்றேன். கடைக்காரன் துணியால் மேசையைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"வந்து பாருங்க," என்றேன். "சாலையோர வயல்தான். இன்னும் நிக்குது."

வேடிக்கை என்று நினைத்தோ என்னவோ, நான்கு பேரும் ஹஸ்னாவியின் பிக்கப்பில் ஏறினார்கள். நான் பின்னால் நின்றுகொண்டு போனேன். மேட்டில் வண்டி நின்றது. எல்லோரும் அறுப்பு பார்த்து வளர்ந்தவர்கள், ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஹஸ்னாவி கிணற்றுப் பக்கம் வளைந்து போன கோட்டோடு கொஞ்ச தூரம் நடந்தார். குனிந்து ஒரு பிடி பிடுங்கி, வேரை உதறி, அப்படியே கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எத்தனை சாக்கு மண்ணுல போட்டிருக்கேடா பாவி," என்றார் அவர்களில் ஒருவர்.

ஹஸ்னாவி சாலை ஓரத்தைப் பார்த்தார். உழுத மண் இன்னும் ஈரமாக, கறுப்பாக இருந்தது.

"இங்க மட்டும் ஏன் உழுதிருக்கு? நீ எப்பவும் கீழேயிருந்துதானே தொடங்குவே?"

அவர் அதைக் கவனிப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஈரம் என்று சொல்லலாம். சி தாயிப் சொன்னார் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தன.

"சாலையிலேருந்து தெரியுதேன்னு," என்றேன். "முன்ஜி வந்து நின்னான். அதனாலதான் நிறுத்தினேன். அவன் வரலைன்னா முழுக்க உழுதிருப்பேன்."

ஹஸ்னாவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "சூளை வழியாப் போவோம். ஆலிவுக்கு முன்ஜியையே வரச் சொல்லிட்டுப் போயிடலாம்," என்றார். பிடுங்கிய பயிரை வண்டியின் முன்னால், கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

அவர்கள் ஏறினார்கள். பின்னால் இடம் இருந்தது. என்னை ஏறச் சொல்ல யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் அசையவில்லை. டிராக்டர் சி தாயிப் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தது. அதை எடுக்க நான்கு கிலோமீட்டர் சாலையோரமாகவே நடந்தேன். எதிரே வந்த வண்டிகளில் இருந்தவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, வழக்கம்போல் கையை உயர்த்தி சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் கையை உயர்த்த வேண்டியிருந்தது.