நல அறையில் ஓர் ஒற்று

பள்ளிக்கூடத்தின் உயிர் மதிப்பெண் பட்டியலில் இல்லை. பிள்ளைகளின் மனத்தில் இருக்கிறது. இதை நலப் பொறுப்பாசிரியர் மேடை கிடைத்தபோதெல்லாம் சொல்வார்; கிடைக்காதபோது படிக்கட்டில் நின்று சொல்வார். அந்த உயிர் குடியிருக்கப் பள்ளி ஒதுக்கித் தந்தது, கழிப்பறையை ஒட்டி உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த ஓர் அறை. பெஞ்சுகளில் பாதி இன்னும் உள்ளேதான் கிடந்தன. வாசலில் மட்டும் புது நீலப் பலகை: ‘மாணவர் நல அறை’.

புதன்கிழமை காலை, அந்தப் பலகையில் ‘ந’வுக்கும் ‘ல’வுக்கும் நடுவே யாரோ சிவப்பு மையில் சின்னதாக ஒரு கூரைக் குறி போட்டு, மேலே ‘ல்’ எழுதிவிட்டார்கள். ‘மாணவர் நல்ல அறை’. முதல் மணி அடிப்பதற்குள் பள்ளி முழுக்கச் சிரித்து முடித்திருந்தது.

சிரிக்கக் காரணம் இருந்தது. போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, எல்லோரும் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அழுதுகொண்டே அந்த அறைக்குள் போனது. ஆசிரியர் மூன்று தடவை ‘அழாதே’ என்றார். நாலாவது தடவை கை பேசியது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. ஆகவே ஆலோசனை பலித்தது என்பது அவருடைய கணிப்பு. அவரைப் பொறுத்தவரை அது அறையே இல்லை. தட்டு. கொஞ்சம் சத்தமாக விழுந்த தட்டு.

பலகையில் எழுதியதுதான் வன்முறை.

மத்தியானத்துக்குள் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். பத்தாம் வகுப்பில் ‘வக்கீல்’ என்று பட்டப்பெயர் வாங்கிய பெண். ஆதாரம் இதுதான்: அந்தக் கூரைக் குறி, விட்டுப்போன எழுத்தைச் சேர்க்க அச்சகத்தில் போடுவது, அவளை வளர்க்கும் சித்தி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இதற்கு மேலும் ஆதாரம் கேட்டால் அது வீம்பு. முதலில் இரண்டு நாள் இடைநீக்கம் என்றுதான் நினைத்தார். திங்கட்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு, தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும் என்று தெரிந்ததும் ஐந்தாக்கினார்.

சாயங்காலம் சித்தி வேலையிலிருந்து நேராக வந்தாள், காதில் செருகிய சிவப்புப் பேனாவோடு. ஆசிரியரின் கண் பேனாவிலேயே நின்றது.

“உக்காருங்கம்மா.”

உட்கார இருந்தது மூன்று கால் பெஞ்சு. சித்தி பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்ன சார் பண்ணிட்டா இவ?”

“பலகையைப் பாத்தீங்களா?”

“பாத்தேன். எழுதுனது யாரோ, பிழையில்லாம எழுதியிருக்காங்க.”

“அந்தத் திமிர் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுது.”

“நான் எழுதலை சார்,” என்றாள் பெண். “எழுதியிருந்தா ‘ல்’லோட நிறுத்தியிருக்க மாட்டேன்.”

“வாயைப் பாத்தீங்களா? வளர்ப்பு அப்படி.”

“வளர்ப்பைப் பத்தி நீங்க பேசாதீங்க சார்,” என்றாள் சித்தி. “எங்க வீட்ல அழற பிள்ளை மேல யாரும் கைநீட்டறதில்லை.”

ஆசிரியரின் கழுத்து சிவந்தது. “இது மனசு விட்டுப் பேசுற இடம். மரியாதை வேணும்.”

“மனசை விட்டுத்தான் பேசறேன். இன்னும் வாயை விடலை.”

“அஞ்சு நாள். எழுதித் தரேன், கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுக் கிளம்புங்க.”

“காரணத்தையும் எழுதுங்க. காரணம் இல்லாட்டி கல்வி அலுவலகம் திருப்பி அனுப்பிடும். அந்தப் படிவத்தை அச்சடிக்கறதே எங்க அச்சகம்தான்.”

எழுதினார். ‘பலகையில் நல்ல அறை என எழுதி...’ பேனா நின்றது. நல்ல அறை என்றால் கொடுத்தது யார், வாங்கியது யார் என்று அலுவலகத்தில் ஒரு வேலையற்றவனாவது கேட்பான். கிழித்தார். ‘பள்ளியைக் களங்கப்படுத்தும் சொல்லை எழுதி...’

“என்ன சொல்லுன்னு கேப்பாங்க சார்.” சித்தி எதிரில் நின்று தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள்.

அதையும் கிழித்தார். மூன்றாவது தாளில் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘ல் என்னும் எழுத்தை அனுமதியின்றி சேர்த்தமைக்காக’ என்று முடித்து நிமிர்ந்தார்.

“ஒரு எழுத்தைச் சேத்தா அஞ்சு நாள்,” என்றாள் சித்தி. “விட்டா எத்தனை நாள் சார்?”

காதிலிருந்த பேனாவை எடுத்தாள். ‘அனுமதியின்றி’க்கும் ‘சேர்த்தமைக்காக’வுக்கும் நடுவே ஒரு கூரை போட்டு, மேலே ‘ச்’ எழுதினாள்.

பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஆசிரியரின் வலது கை மேசையை விட்டு மேலே எழுந்தது. சித்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

“போடுங்க சார். அதான் வாசல்லயே எழுதியிருக்கே.”

எழுந்த கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. காதைச் சொறிந்தது.

“திங்கட்கிழமை பரீட்சைக்கு வரட்டும்,” என்றார், மூன்றாவது தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி. “ஆனா விசாரணை நடந்துட்டேதான் இருக்கும்.”

“நடக்கட்டும் சார். நாங்களும் நடக்கறோம்.”

சனிக்கிழமை அவர் மாத அறிக்கை அனுப்பினார். ‘மனம் திறந்து ஆலோசனை பெற்றோர்’ என்ற கட்டத்தில் ‘இருவர்’ என்று எழுதியிருந்தார். சித்தியையும் அந்தப் பெண்ணையும்தான் சேர்த்திருந்தார்.