பாலத்துக்கு இந்தப் பக்கம்

அக்காவைக் குளிப்பாட்ட இரண்டு குடம் போதுமா என்று உள்ளே பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஷட்டர்காரரின் காதில் விழுந்தது.

ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையில் பத்து நாளாக எல்லைப் பாலத்தில் பஸ் ஓடவில்லை. எதிர்ப்பக்கத்து வண்டி என்றால் இரண்டு பக்கத்திலும் கண்ணாடியை நொறுக்கினார்கள். அதனால் பாலத்தை நடந்தே கடந்து, அக்கா வாழ்க்கைப்பட்ட ஊருக்கு வந்திருந்தார். கீழே ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. மேலே, அணையில், இருபத்தாறு வருடமாக ஷட்டர் இயக்குகிறவர் அவர். ஒன்றரை மாதத்துக்கு முன்னால், இந்தப் பக்கத்துக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததும் கடைசி ஷட்டரை இறக்கியது அவர் கைதான். அன்றைக்கு ஊரில் அவருக்கு மாலை போடாத குறை.

"வாங்க வாத்தியாரே. இப்படி விட்டுட்டுப் போயிட்டாங்களே உங்க அக்கா" என்று எதிர்வீட்டுக்காரி அழுதாள்.

யாரைச் சொல்கிறாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அதற்குள் அக்கா மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அக்கா கூடத்தில் பாயில் கிடந்தாள். நேற்று சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். நெற்றியில் ஒட்டியிருந்த நரைமுடியை ஒதுக்கப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

கடைசியாகப் பேசியது போன மாதம். "ஏண்டா தம்பி, சாவி உங்கிட்டதானே இருக்கு? கொஞ்சம் தெறந்து விடக்கூடாதா?" என்று போனில் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவர்தான் எரிந்து விழுந்தார். "உங்க ஆளுங்களுக்கு எவ்வளவு விட்டாலும் பத்தாது." பிறகு, "சரிப்பா, உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

உங்க ஆளுங்க. தன்னைத் தூக்கி வளர்த்தவளிடம்.

பெண்கள் கதவைச் சாத்திக்கொள்ள, அவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மளிகைக்கடைக்காரரும், நாற்று கருகிப்போன ஒரு விவசாயியும் இருந்தார்கள். சாவு வீட்டிலும் பேச்சு தண்ணீரைத்தான் சுற்றியது.

"மேல உக்காந்து உத்தரவு போடுறவன விடுங்க. ஷட்டர எறக்குனானே ஒருத்தன், அவனும் சோத்தத்தானே திங்குறான்? அவன் கை வெளங்குமா?" என்றார் விவசாயி. பிறகு இவர் பக்கம் திரும்பி, "படிச்சவரு, நீங்களே சொல்லுங்க வாத்தியாரே" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஷட்டர்காரர் ஒரு கணம் வாயைத் திறந்தார்.

"வெளங்காது" என்றார்.

சொன்ன பிறகுதான், அக்கா மகள் கதவருகே நிற்பதைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவர் எழுந்து அவளோடு வீட்டுப் பின்பக்கம் போனார்.

"யாரும்மா என்னை வாத்தியார் ஆக்குனது?"

"அம்மாதான். சண்டை ஆரம்பிச்சதுமே தெரு பூராவும் சொல்லி வச்சுட்டாங்க."

"ஷட்டர் எறக்குறவன் தன் தம்பின்னு சொல்லிக்க அவ்வளவு வெட்கமா போச்சா அவளுக்கு?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படி இல்ல மாமா. அவன் எப்ப வேணா வருவான், வந்தா யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாதுன்னாங்க. போன வாரம் வரைக்கும் சொல்லிட்டுதான் இருந்தாங்க."

சுவரில் சாய்ந்துகொண்டார். வறண்ட தொட்டிக்குள் ஒரு குருவி இறங்கி, கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்தது.

குளிப்பாட்டி முடித்துவிட்டு எதிர்வீட்டுக்காரி வெளியே வந்தாள். லாரித் தண்ணீரில் அவள் வீட்டுக்குக் கிடைத்த இரண்டு குடமும் காலி. ஒன்றின் அடியில் தங்கியிருந்ததைச் சரித்து ஒரு டம்ளரில் பிடித்தாள். முக்கால் டம்ளர் தேறியது.

"வெயில்ல நடந்து வந்திருக்கீங்க வாத்தியாரே. குடிங்க."

"நீங்க குடிங்கம்மா."

"எங்களுக்கு நாளைக்கு லாரி வரும். குடிங்க."

அக்கா மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே, ஒரு சொட்டு சிந்தாமல் முழுவதும் குடித்தார். எதிர்வீட்டுக்காரி டம்ளருக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.