நைலோன் கம்பி மட்டும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் பெரிய மனதோடு சொல்லக்கூடும். நன்றி. ஆனால் இது அந்த வகைப் பொய் அல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், என் மேசைக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து "வெயில்" என்று சொன்னேன். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லால் ஓர் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அதைத் திருத்த எட்டு நிமிடம் சைக்கிள் மிதித்தால் போதும். நான் அதற்குப் பதிலாகக் கதை எழுத உட்கார்ந்தேன். கதிரை வசதியாக இருந்தது.

2

முதல் தொடக்கம்: "மட்டக்களப்பு வாவியின் மேல் பொன்னிறமாய் அந்தி"

(நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் வாவியில் இறங்கித்தான் கரையேறுகிறார்கள். இரண்டாம் பந்தியில் அந்த வாவியின் பேர்போன பாடும் மீன் பாடத் தொடங்கிவிடும். இது கிற்றார் கதை. மீனும் பாடினால் சுருதி சேராது.)

இரண்டாம் தொடக்கம்: "காற்றில் ஈரம் மிகுந்த கரையோர நகரங்களில் மரமும் பசையும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை"

(இது கதை அல்ல, நீதிமன்றத்தில் எதிரிக் கூண்டில் நிற்பவனின் வாதம். எதிரி நான்.)

மூன்றாம் தொடக்கம்: "லெஸ்டர் சின்ன வயதிலிருந்தே பொருட்களில் கவனமில்லாத"

(இந்த வசனத்தை முடிக்காமல் விட்டதற்காக என்னை ஓரளவு மன்னிக்கலாம். ஓரளவுதான். அடுத்த நாள் முடித்து எழுதினேன். அதற்கும் வருவோம்.)

3

என் பெயர் பிரதீஸ். புளியந்தீவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சின்ன எழுத்து, அதைவிடச் சின்ன எழுத்து என்று காட்டி, "இது வாசிக்க ஏலுதா?" என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்பது என் தொழில்.

பொழுதுபோக்கு, கிற்றார். வாசிப்பதில்லை, வாங்குவேன். பேஸ்புக்கில் யாராவது பழைய கிற்றாரை விற்கப் போட்டால் கை அரிக்கும். வாங்கி வந்து கம்பியைக் கழற்றுவேன், துடைப்பேன், கழுத்து வளைந்திருந்தால் நிமிர்த்துவேன், கம்பி உயரமாக இருந்தால் அடியிலுள்ள வெள்ளைத் துண்டை அரத்தால் ராவிக் கம்பியைப் பதிப்பேன், புதுக் கம்பி போட்டு, சுருதி கூட்டி, வீட்டுச் சுவரில் மாட்டுவேன். ஏழு கிற்றார் மாட்டியிருக்கிறேன். எனக்கு விரல் வைத்து வாசிக்கத் தெரிந்த பிடிகள் மூன்று.

"ஏழு கிற்றார் இரிக்கி, ஒரு பாட்டுக் கூட இல்ல," என்பாள் என் மனைவி வதனி. அவள் ஆசிரியை. புள்ளி போடுவதில் கஞ்சத்தனம்.

ஆனால் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. கிற்றார் பழுதென்றால் பிரதீஸ், வாங்குவதென்றால் பிரதீஸைக் கூட்டிக்கொண்டு போ. நான் யாருக்கும் மறுத்ததில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிற்றாரின் கழுத்து நீளத்துக்கு மறுகண்ணால் பார்ப்பேன். விரல் மொழியால் வயிற்றில் தட்டிக் காதைச் சாய்ப்பேன். அந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடுவதில்லை. அதற்காகவே இன்னும் இரண்டு தடவை தட்டுவேன்.

4

கிளாறிஸ் அக்காவை நான் அப்படித்தான் சிக்கவைத்தேன்.

அவர் போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கியர் வீட்டுப் பெண், தையல் வேலை செய்கிறவர், ஐம்பத்திரண்டு வயது, கணவர் இல்லை. ஒரே மகள் கெரனுக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. அடுத்த வளவில் தம்பி லெஸ்டர். வாடகை வான் ஓட்டுகிறவர்; அவர்களுடைய சனத்தின் கலியாணங்களில் கிற்றார் வாசிப்பவரும் அவர்தான். இரண்டு வளவுக்கும் நடுவில் எழும்பிய மதில் அரை அடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் அக்காவும் தம்பியும் மூன்று வருடம் பேசவில்லை.

கலியாணம் என்றதும் கெரன் போய் மாமாவின் வாசலில் நின்றாள். அப்பா இல்லாத தன்னை மாதா கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டாள். லெஸ்டர் அழுதுவிட்டாராம்; அக்காவோடு பேச்சும் தொடங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கிளாறிஸ் அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது: விருந்தில் தம்பியின் பக்கத்தில் இருந்து ஒரு பாட்டுக்குத் தானும் கிற்றார் வாசிக்க வேண்டும். லெஸ்டரே பழக்குவதாகச் சொன்னார்.

ஆரையம்பதியில் ஒரு வீட்டில் கிற்றார் விற்பனைக்கு இருந்தது. நான் கூடப் போனேன். ஒரு கண்ணை மூடினேன். தட்டினேன். அன்றைக்கு உற்சாகம் கூடிப்போய், நடுத்துளைக்குள் மூக்கை விட்டு மணந்தும் பார்த்தேன். "நல்ல மரம்," என்றேன். மூக்கிலிருந்து இரண்டு அங்குலத்தில், துளைக்கு உள்ளே, ஒரு லேபல் ஒட்டியிருந்தது. அதை நான் வாசிக்கவில்லை.

(வாசகருக்கு: ஆம், கண்ணாடிக் கடைக்காரன். சிரித்து முடித்தால் தொடர்வோம்.)

5

ஒரு மாதம் கழித்துக் கிளாறிஸ் அக்கா வீட்டுக்கு வந்தார். "பிரதீஸ், சத்தம் காணாது. லெஸ்டர்ட கிற்றாருக்குப் பக்கத்தில என்டது குசுகுசுக்கிற மாதிரி இரிக்கி."

"நைலோன் கம்பிதானே போட்டிரிக்கி, அதான். ஸ்டீல் போட்டா கணீரெண்டு கேக்கும்," என்றேன்.

"அது பிழையில்லயா?"

"அக்கா, எத்தின கிற்றாருக்குப் போட்டிரிக்கன்."

போட்டிருக்கிறேன்தான், ஸ்டீல் கம்பிக்கென்று செய்த கிற்றார்களுக்கு. நைலோன் கம்பிக்காகச் செய்தவற்றின் உள்மரம் மெல்லியது. ஸ்டீல் கம்பி அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கும். இழுப்பு முழுவதையும் தாங்குவது வயிற்றில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற ஒரு சின்ன மரத்துண்டு. இதெல்லாம் எனக்கு இப்போது தெளிவாகத் தெரியும். பிந்தி வாசித்தாலும் ஊன்றி வாசிப்பவன் நான்.

சுருதி கூட்டியதும் உண்மையிலேயே கணீரென்றது. கிளாறிஸ் அக்கா கை தட்டிவிட்டு, தம்பி வந்து எடுப்பான் என்று கிற்றாரை என்னிடமே விட்டுப் போனார். திங்கட்கிழமை லெஸ்டர் வந்து கிற்றாரைத் தன் வானில் எடுத்துப் போனார். பாசிக்குடாவுக்கு ஒரு ஹயர், வாடகை ஓட்டம், இருந்தது. அதை முடித்துவிட்டுப் பின்னேரம் அக்காவிடம் கொடுத்தார்.

செவ்வாய் பின்னேரம் கிளாறிஸ் அக்கா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிரிட்ஜ் பிய்ந்து, மேல்மரத்தில் ஒரு பட்டையையும் உரித்துக்கொண்டு, ஆறு கம்பியிலும் தொங்கியது.

"பொட்டியத் திறக்கன், இப்பிடிக் கிடக்கு. என்னத்தால பிரதீஸ்?"

உள்ளே வேறு எங்கும் ஒட்டு விட்டிருக்கிறதா என்று கடையிலிருந்து கொண்டுவந்திருந்த டோர்ச்சைத் துளைக்குள் அடித்தேன். லேபல் தெரிந்தது. ஆங்கிலத்தில், நல்ல பெரிய எழுத்தில்: நைலோன் கம்பி மட்டும் பாவிக்கவும்.

நிமிர்ந்தேன். "லெஸ்டர்ட வானுக்குள்ள எவ்வளவு நேரம் இருந்த?"

"பகல் முழுக்க."

"வெயில்," என்றேன். "பசை இளகிப் போச்சு."

அவருடைய முகம் இறுகியதை நான் பார்த்தேன். "எனக்குத் தெரியும். அவனுக்கு இன்னும் அந்த மதில்தான் மனசில. வேணுமெண்டே செஞ்சிரிக்கான்."

"சேச்சே, அப்பிடியெல்லாம் இரிக்காது அக்கா," என்றேன். எவ்வளவு பெருந்தன்மை, பார்த்தீர்களா?

6

பாத்திரம் பற்றி ஒரு சந்தேகம்.

இந்தக் கதையின் முந்தைய பிரதியில் லெஸ்டருக்குச் சிவந்த கண்களும் சாராய மணமும் கொடுத்திருந்தேன். குடிகாரன் வெயிலில் எதையும் விட்டுவிடுவான் என்று வாசகர் தாமாகவே நினைத்துக்கொள்வார்கள். எனக்கு வேலை மிச்சம். வதனி அந்தத் தாளை வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனையை மூடினாள்.

"லெஸ்டர் குடிக்கிற ஆளா?"

"இது கதைக்கு."

"கதைக்கு வேற ஆளே கிடைக்கல்லயா? உங்கட பூச்சாண்டி முகமூடிய அந்த மனிசனுக்கு ஒட்டியிருக்கீங்க. போன மாசம் உங்கட அம்மாவ ஆசுபத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனது ஆர்ட வான்?"

சாராயத்தை வெட்டிவிட்டேன். வெட்டிய பிறகு அந்தப் பாத்திரத்தில் குறை சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கதாசிரியனுக்கு இதைவிடப் பெரிய சங்கடம் கிடையாது.

7

வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தப் பாத்திரமே வந்துவிட்டது. கையில் அவருடைய சொந்தக் கிற்றார்.

லெஸ்டர் உட்காரவில்லை. "பிரதீஸ், நான் வான மர நிழல்லதான் விட்டன். ரெண்டு கண்ணாடியும் இறக்கி. பொட்டிக்கு மேல என்ட பெட்சீற்றையும் சுத்தியிருந்தன். அக்காக்கிட்டச் சொன்னன், நம்புறா இல்ல. நீங்க விசயம் தெரிஞ்ச ஆள். சொல்லுங்க, வெயில்தானா?"

(இந்த இடத்தில் நல்ல கதைகளில் ஒரு மனிதன் மாறுவான். நானும் எழுதிப் பார்த்தேன்: "பிரதீஸ் தலையைக் குனிந்து, 'இல்லை லெஸ்டர், பிழை என்னுடையது' என்று" எழுதிய கை என்னையே நம்பமுடியாமல் நின்றுவிட்டது. நடந்ததைத் தருகிறேன்.)

"வெயிலும் ஒரு காரணம்," என்றேன்.

அந்த "உம்" இடைச்சொல்லை எவ்வளவு கவனமாகச் சேர்த்தேன் தெரியுமா? இலக்கணம் தெரிந்தவனின் பொய்.

லெஸ்டர் கொஞ்ச நேரம் சுவரிலுள்ள ஏழு கிற்றாரையும் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப என்ட பிழைதான்," என்றார். பிறகு தன் கிற்றாரை மேசையில் வைத்தார். "இத அக்காக்குக் குடுங்க. அவட விரலுக்கு இந்தக் கம்பி தடிப்பு. மெல்லிசு போட்டு, பதிச்சுக் குடுங்க. நான் சனிக்கிழமை வரல்ல. கெரன்ட கலியாணத்தண்டு அக்கா என்டைய முகத்தப் பார்த்துக் குமைஞ்சுக்கிட்டு நிக்கப்படாது."

"கெரனக் கோயிலுக்குள்ள ஆர் கூட்டிப் போற?"

அவர் திரும்பி வாசலுக்கு நடந்தார். வான் கிளம்பும் சத்தம் கேட்டது.

8

வெள்ளி காலை கடைக்குப் போகவில்லை. லெஸ்டரின் கிற்றாரை எடுத்தேன். உள்ளே லேபலை மூன்று தடவை வாசித்தேன். ஸ்டீல் கம்பிக்கானதுதான். பழைய கம்பியைத் தளர்த்திக் கழற்றினேன். முதல் மூன்று கட்டங்களில் மரம் அவருடைய விரல்களுக்குக் குழிந்திருந்தது. வெள்ளைத் துண்டை ஒரு மயிரிழை ராவி, மெல்லிய கம்பி போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்து விட்டு இழுத்து விட்டுச் சுருதியில் நிறுத்தினேன். பிறந்ததிலிருந்து நான் செய்த ஆகத் திறமான வேலை அது.

உடனே மேசையைத் துடைத்துவிட்டு, கதைக்கு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: விருந்தில் கிளாறிஸ் அக்கா தம்பியின் கிற்றாரைத் தொட்டதுமே எல்லாம் விளங்கி, ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்கிறார். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்லப் போகும் வழியில் கதாசிரியன் கல்லடிப் பாலத்தில் விபத்தில் இறக்கிறான். சட்டைப்பையில் கடிதம். ஊரே அழுகிறது.

வதனி பின்னால் நின்று வாசித்தாள். "கிளாறிஸ் வீட்டுக்குப் போறதுக்குப் பாலம் ஏறத் தேவையில்ல," என்றாள். "சாகிறதுக்கு எண்டே சுத்திப் போறீங்களா?" தாளை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "எழும்புங்க. நாளைக்குக் கலியாணம்."

9

கிளாறிஸ் அக்கா வாசலில் கதிரை போட்டு, கெரனின் கலியாணச் சட்டைக்குக் கடைசி முத்துகளைத் தைத்துக்கொண்டிருந்தார். லெஸ்டரின் கிற்றாரைக் கண்டதும் ஊசி நின்றது.

"இது ஏன் உங்கட கையில?"

நான் சொன்னேன். லேபலில் தொடங்கி, நிழல், பெட்சீற், "உம்" வரை. ஒழுங்காகச் சொல்லவில்லை, முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெயில் எண்டு சொல்லக்குள்ள, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அக்கா."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தைத்த சட்டையை மடித்து மடியில் வைத்தார். தொலைபேசியை எடுத்து ஓர் இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டினார். மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை.

"அக்கா?" என்றார் லெஸ்டர். மூன்று நாளாகத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். "அக்கா, என்னக்கா?"

"லெஸ்டர், நான் பிரதீஸ்," என்றேன். "வெயில் இல்ல. நான் பிழையான கம்பி போட்டன். தெரிஞ்சுக்கிட்டே உங்களிட்ட மாத்திச் சொன்னன்."

கிளாறிஸ் அக்கா தொலைபேசியைத் தன் காதுக்கு எடுத்தார். சட்டையை அணைத்துக்கொண்டு எழும்பி, உள்ளே போய், கதவைச் சாத்தினார்.

நான் கிற்றாரோடு படியில் இருந்தேன். தன் கதையில் இருந்தே வெளியே விடப்பட்ட கதாசிரியன் எப்படி இருப்பான் என்று யாராவது ஆராய விரும்பினால், ஓர் அரை மணித்தியாலம் கிடைத்திருக்கும்.

கெரன் கை நிறையப் பைகளோடு வந்தாள். "அங்கிள், ஏன் படியில இருக்கீங்க? அம்மா ஆரோட கதைக்கிறா?"

"உங்கட மாமாவோட."

அவள் பைகளை அப்படியே கீழே வைத்துவிட்டு, கதவில் காதை வைத்தாள். உள்ளே கிளாறிஸ் அக்காவின் குரல் உயர்ந்தது, உடைந்தது, மறுபடி உயர்ந்தது.

"சிரிக்கிறாவா அழுகிறாவா?" என்று கெரன் கிசுகிசுத்தாள்.

எனக்குத் தெரியவில்லை. நானாக ஒன்றைச் சொல்லி இன்னொரு தடவை பிழை விட எனக்கு விருப்பமும் இல்லை. கெரன் கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் இடம் விட்டாள். வாசகரே, நீங்கள் வந்து கேளுங்கள்.